ஒரு கத்தி, நானூறு இழுப்பு

ஏகாம்பரம் கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதைத் திறந்து இன்னொன்றை மூடிக்கொண்டார். கடைசியில் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தார்.

"சார், இத்த கல்லுல எத்தினி வாட்டி இழுத்தீங்க?"

"நானூறு."

"நானூறா?"

"ஒரு பக்கத்துக்கு."

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. மாப்பிள்ளை அறை. பிளாஸ்டிக் நாற்காலியில் என் தங்கை மகன் குணா, கழுத்தில் துண்டும் முகமெல்லாம் நுரையுமாக உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, விடிந்தால் முகூர்த்தம். வாசல் நிலையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் பெண்ணின் பெரியப்பா சபாபதி. கீழே சமையல்கட்டில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

சவரத்துக்கு வந்த ஏகாம்பரம் கத்தியை மடக்கினார். என் காதுக்கு அருகில் வந்தார்.

"இத்த வெச்சா மாப்ள மூஞ்சி கோடு போட்ட நோட்டு மாதிரி ஆயிடும் சார். இன்னா பண்ணலாம், சொல்லுங்க."

நான் முப்பத்தைந்து வருடம் வருவாய்த் துறையில் இருந்தவன். என்ன பண்ணலாம் என்று யார் கேட்டாலும் விதி எண்ணோடு பதில் சொல்லிப் பழக்கம். கத்திக்கு விதி எண் கிடையாது.

தட்டில் போகும் பொருள்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மாப்பிள்ளைச் சவரத்துக்கான கத்தி தாய்மாமன் வீட்டிலிருந்து தட்டில் போக வேண்டும். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் கத்தி. இப்போது எல்லாத் தாய்மாமன்களும் கடையில் ஒரு பிளேடு பாக்கெட் வாங்கித் தட்டில் வைத்துவிடுகிறார்கள். சடங்கும் முடிந்தது, மாப்பிள்ளையும் பத்திரம்.

எனக்கு அது போதவில்லை. கத்தி என்று சொல்லிவிட்டு பிளேடு வைப்பது, அசலுக்குப் பதிலாக ஜெராக்ஸ் கொடுப்பது மாதிரி. நான் பணியில் இருந்தபோது யாரிடமும் ஜெராக்ஸ் வாங்கியதில்லை.

ஓய்வு பெற்ற வருடம் நானே சவரம் செய்துகொள்வதென்று ஒரு மடக்குக் கத்தி வாங்கி வைத்திருந்தேன். முழு எஃகு, மாட்டுக்கொம்புப் பிடி. இரண்டு முறை முயன்றேன். மூன்றாம் முறைக்கு முன்னால் என் மனைவி பத்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். குணாவுக்குக் கல்யாணம் என்றதும் சாவி கேட்டேன்.

"கழுத்த அறுத்துக்கறதுன்னா கல்யாணம் முடிஞ்சி அறுத்துக்குங்க" என்று சாவியைக் கொடுத்தாள்.

கத்தி மழுங்கியிருந்தது. தீட்டுக்கல் ஒன்று வரவழைத்தேன். படித்தேன், காணொளி பார்த்தேன், ஒரு தாளில் நடைமுறை எழுதினேன். கல்லை நீரில் நனைக்கவும். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். விளிம்பு முன்னே போக வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் திருப்பவும். அழுத்தக் கூடாது.

எல்லாம் சரி. எப்போது நிறுத்துவது என்று மட்டும் எழுதவில்லை.

ஏழு நாள், தினமும் காபிக்கு முன் தீட்டினேன். பத்மாவின் சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்துத் தொங்கவிட்டுக் கத்தியால் தொடுவேன். மூன்றாம் நாளே முடி சத்தமில்லாமல் இரண்டாகிவிட்டது. அன்றோடு விட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாளே இவ்வளவு என்றால் ஏழாம் நாள் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு கல்வெர்ட்டின் கதை

இந்த நோய் எனக்குக் கத்தியில் தொடங்கியதல்ல.

இரண்டு வாரம் முன்பு இதே வாரப் பத்தியில், கண்டாச்சிபுரம் போகும் வழியில் வேப்பமரத்தடியில் ஜீப் நின்றுபோனதை எழுதியிருந்தேன். அது வேப்பமரம் இல்லை, புளியமரம் என்று அந்த ஊர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஜீப் நின்றதில் அவருக்கும் ஆட்சேபம் இல்லை.

அதே பக்கத்தில் ஒரு மழைக்காலத்தில், ஓடைக்கு மேல் இருந்த சின்னப் பாலம், கல்வெர்ட் ஒன்று இடிந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போகிறார்கள், சீக்கிரம் கட்டித்தர வேண்டும் என்று மேலே ஒரு கடிதம் எழுத வேண்டும். என் கீழ் வேலை பார்த்தவர் அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். நான் திருத்தினேன். மறுபடி தட்டச்சு செய்துகொண்டு வந்தார். மறுபடி திருத்தினேன். ஒரு சொல்லில்கூடக் குறை சொல்ல முடியாத கடிதம் பதினோராவது தடவையில் உருவானது.

மேலதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டுப் போனில் கேட்டார்: "ரொம்ப நல்லா இருக்குதுய்யா. ஆனா உனக்கு என்னா வேணும்?"

அதற்குள் ஊர்க்காரர்களே பனைமரத்தைப் போட்டு அந்தப் பள்ளத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

மூன்று பெண்கள் வந்த வழி, போன வழி

குணாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. தகப்பன் இல்லாத பிள்ளை. பெண் பார்க்கும் பொறுப்பு தாய்மாமனான என் தலையில். அந்தப் பொறுப்பை நான் எப்படி நிறைவேற்றினேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரித்துச் சொன்னால் என் தங்கை கஸ்தூரி இந்த வாரப் பத்திரிகையைக் கிழித்துவிடுவாள்.

முதல் பெண் வீட்டில், தகப்பனார் குடியிருக்கும் வீட்டுக்கு வில்லங்கச் சான்று கேட்டேன். வரதட்சணைக்காக இல்லை, சத்தியமாக இல்லை. விலாசம் உறுதிப்பட வேண்டாமா? அவர்கள் மறு வாரம் போன் எடுக்கவில்லை.

இரண்டாவது பொம்மையார்பாளையம் பக்கம். பெண் பட்டம் முடித்ததாகச் சொன்னார்கள். கல்லூரிக்கே போய் விசாரித்தேன். முடித்திருந்தாள், முதல் வகுப்பில். விசாரித்த செய்தி எனக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்றாம் வீட்டில் பதினொரு கேள்விகளை எழுதியே கொடுத்தேன். பெண்ணின் அப்பா ஒன்பதுக்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்தார். "மீதி ரெண்டுக்கும் எங்க வக்கீலு பதில் சொல்லுவாருங்க."

மூன்று தடவையும் குணா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்வான், அவ்வளவுதான்.

நாலாவது பெண்ணை நான் தேடிப் பிடிக்கவில்லை. ஆனால் என்னால்தான் வந்தாள். குணாவின் விவரத்தாளில் இரத்தப் பிரிவு சான்றோடு இருக்க வேண்டும் என்று வற்புறுத்தி, அவன் வேலை பார்க்கும் திண்டிவனத்திலேயே ஒரு பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினேன். ஊசி குத்தியவள் பெயர் அமுதா. முப்பத்து மூன்று வயது. சான்று வாங்க ஒரு தடவை போனால் போதும். அவன் ஆறு தடவை போயிருக்கிறான். நான் உண்டாக்கிய நடைமுறைகளில் பலன் கொடுத்தது அது ஒன்றுதான்.

கஸ்தூரி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, இந்த வாட்டி நீ தாய்மாமனா மட்டும் வா. ஆபீசரா வராத. இதுவும் போச்சின்னா அவன் இனிமே எவளையும் பாக்க மாட்டான். எங்கிட்டயே சொல்லிட்டான்."

சரி என்றேன். சொன்னபடி வில்லங்கம் கேட்கவில்லை, கல்லூரிக்குப் போகவில்லை. சான்றிதழ்களின் அசலை மட்டும் ஒரு தடவை பார்க்கிறேன் என்றேன். அமுதாவுக்கும் அப்பா இல்லை. பெரியப்பா சபாபதிதான் எல்லாம். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். வந்தவர்களுக்கு வேகவைத்த மல்லாட்டையைக் கூடை நிறைய வைத்தவர், அசல் என்ற சொல்லைக் கேட்டதும் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எங்க புள்ளைய ஜெராக்ஸுன்னு நெனச்சிக்கினு வந்தீங்களா?"

அமுதாதான் உள்ளே போய்ச் சான்றிதழ்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் ஒன்று கண்ணில் பட்டது. பிறப்புச் சான்றில் ஒரு தேதி, பள்ளிச் சான்றில் வேறு தேதி. இரண்டு மாத வித்தியாசம். நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் வாய்க்கு வந்த தேதி. எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உறுதிமொழிப் பத்திரம் ஒன்று முகூர்த்தத்துக்கு முன் வேண்டும் என்று சபாபதிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு முறை திருத்தி, நல்ல தாளில் படியெடுத்து, மண்டபத்துக்கு வரும்போது சட்டைப் பையில் வைத்திருந்தேன். சவரம் முடிந்ததும் கொடுப்பதாக உத்தேசம்.

டீ கிளாஸ்

இப்போது மாடி அறைக்குத் திரும்புகிறேன். குணாவின் முகத்தில் நுரை காயத் தொடங்கியிருந்தது.

ஏகாம்பரத்துக்கு விழுப்புரத்தில் இரண்டு சலூன், ஒன்றில் ஏசி. அன்று அவர் தன் காரில் வந்தார், நான் பஸ்ஸில் வந்தேன். தொழிலில் முதல் பதினைந்து வருடம் இதே மாதிரி கத்தியைத் தீட்டியவர். பிளேடு மாட்டும் கத்தி வந்ததில் அவருக்குத் துளியும் வருத்தமில்லை. "நிம்மதி சார். மாட்னமா, போட்டமா, தூக்கிப் போட்டமா."

அந்தப் பிளேடுக் கத்தியைத்தான் பையிலிருந்து எடுத்தார். சபாபதி நிலையை விட்டு நிமிர்ந்தார்.

"அதென்னா? தட்டுல வந்த கத்திதான மூஞ்சில படணும்? மாத்துறது நல்லதுக்கில்ல."

"இது சுத்தமா இருக்கும்ங்க..."

"இவருதான கீழ அத்தினி பேருகிட்டயும் கத்தியத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கினு வந்தாரு? போடுங்க அதாலயே. ஒண்ணு மட்டும் சொல்லிட்றேன். எந்தங்கச்சி கல்யாணத்துல மாப்ளைக்கு மோவாய்ல ரத்தம் வந்துச்சி. அவ பட்டது கொஞ்சமில்ல. இங்க ஒரு சொட்டு வந்தாலும் நான் கீழ எறங்கிப் போயிக்கினே இருப்பேன். அப்பறம் தார வாத்துக் குடுக்க ஆளத் தேடிக்குங்க."

மாற்றவும் கூடாது, இரத்தமும் வரக் கூடாது. அவர் சொன்னதில் பாதி நம்பிக்கை, மீதி மல்லாட்டைக் கூடை அன்று நான் அசல் கேட்டதற்குப் பதில் என்று எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

ஏகாம்பரம் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றார். கட்டைவிரல் நகத்தை ஈரமாக்கி, கத்தியை அதன் மேல் எடையே இல்லாமல் இழுத்தார். என் விரலைப் பிடித்து அதையே செய்யவைத்தார். வழுக்கிக்கொண்டு போக வேண்டியது நகத்தைக் கவ்விக் கவ்வி நின்றது.

"பாத்தீங்களா, கடிக்குது. ஓவரா தீட்டிட்டீங்க. பிசிறு எழும்பி நிக்கிது."

விளிம்பு மெலிய மெலியக் கூர்மை கூடும். ஓர் அளவு வரைக்கும்தான். அதையும் தாண்டித் தேய்த்தால் எஃகு தன்னையே தாங்க முடியாத அளவு மெலிந்து, கண்ணுக்குத் தெரியாத தகடாக எழுந்து நின்றுவிடும். தொங்கும் முடியை அது வெட்டும். தாடியில் பட்டதும் மடியும், இல்லையென்றால் உதிரும். மிச்சம் இருப்பது ரம்பம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது என் விரலில் இருந்த கடி மட்டும்.

"அந்த டீ கிளாஸக் குடுங்க."

குடித்து வைத்திருந்த கிளாஸைக் கொடுத்தேன். பிசிறு உதிரட்டும் என்று அதன் விளிம்பில் கத்தியை மெல்ல, குறுக்கே, இரண்டு தடவை இழுத்தார். பல் கூசும் சத்தம். என்னுடைய ஏழு நாள் அதோடு முடிந்தது.

"கல்லு கொண்ணாந்தீங்களா?"

இதென்ன கேள்வி? கல், தோல்வார், தண்ணீர்ப் பாட்டில், நடைமுறைத் தாள் இரண்டு பிரதி. எல்லாம் பையில் இருந்தன. தாளை நீட்டினேன். அவர் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டார். பக்கத்துக்குப் பன்னிரண்டு இழுப்பு. நகத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி நாலு. ஜன்னல் கம்பியில் தோல்வாரைக் கட்டி, கத்தியின் முதுகு முன்னே போக இருபது முறை தடவினார். நிறுத்திவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னொரு இருபது கல்லுல போட்டா..."

"மாமா."

நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது. குணா என்னைப் பார்க்கவில்லை. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதும் மாமா."

மூன்று பெண் வீடுகளிலிருந்து திரும்பிய மூன்று பஸ்களிலும் சொல்லாதது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் ஒரு பை

"இன்னா பெரீப்பா, ரத்தம் ரத்தம்னு கீழ வரிக்கும் கேக்குது?"

அமுதா. கைநிறைய மருதாணி, தலையில் பாதி பூ. தோளில் மட்டும் தினமும் வேலைக்குப் போகிறவள் மாட்டும் பை.

"நீ ஏன்மா இங்க வந்த? போ, போ."

"தெனம் நாப்பது பேருக்கு ரத்தம் எடுக்கறேன். இவருக்கே எடுத்திருக்கேன். ஒண்ணும் ஆவல, கல்யாணம்தான் ஆவுது." குணாவின் நுரை கொஞ்சம் அசைந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டது.

"மாமா, ஒங்ககிட்ட கேக்கலாம்னுதான் வந்தேன். இன்னும் ஏதாச்சும் பேப்பர் பாக்கி இருக்குதுங்களா? தேதி ரெண்டும் வேற வேறன்னு நீங்க பாத்துக்கினே இருந்தீங்க. அதான் எல்லா ஒரிஜினலையும் எடுத்துக்கினு வந்துட்டேன். கேட்டீங்கன்னா நாளைக்கு மணவறையில உக்காந்துக்கினு தேட முடியாது பாருங்க."

பையைத் திறந்து காட்டினாள். புடவைக்கு ஊசி, மாத்திரை அட்டை, நடுவில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு. கல்யாணப் பெண் தன் கல்யாணத்துக்குக் கோப்போடு வந்திருக்கிறாள். என்னைப் போல ஒருவன் மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் வேறு எதைக் கொண்டுவருவாள்?

ஏகாம்பரம் கத்தியைத் திறந்து, குணாவின் காதோரத்தில் வைக்கப்போனவர் நின்றார்.

"சார், நுரை வழிக்கப் பேப்பர் இருக்குதா? கொண்ணாற மறந்துட்டேன்."

நடைமுறைத் தாளை நீட்டியிருக்கலாம். இரண்டு பிரதி இருந்தது. என் கை சட்டைப் பைக்குப் போனது.

"ரெண்டு பக்கமும் எழுதியிருக்குதே சார்."

"பரவால்ல. வழிங்க."

பிறகு அமுதாவிடம் சொன்னேன்: "ஒண்ணும் பாக்கி இல்லம்மா. நீ போய் பூ வெச்சிக்க."

கத்தி கன்னத்தில் இறங்கியது. வறண்ட சத்தம், சன்னமாக, தடையில்லாமல். ஏகாம்பரம் முதல் வழிப்பு நுரையை என் கடிதத்தின் தலைப்பில் தடவினார். 'பொருள்:' என்ற சொல் மறைந்தது. இரண்டாவதில் பிறந்த தேதி மறைந்தது. மூன்றாவதில் இன்னொரு பிறந்த தேதி. தாடையின் வளைவில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், நானும் பிடித்துக்கொண்டேன், கதவருகே சபாபதியும் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். மோவாய், மீசையோரம், தொண்டை. முடிந்தது. ஈரத் துண்டால் துடைத்தபோது துண்டு வெள்ளையாகவே இருந்தது.

சபாபதி உள்ளே வந்தார். குணாவின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார், சந்தையில் எதையோ வாங்குகிறவர் போல. பிறகு தன் மூன்று நாள் தாடியைத் தடவிக்கொண்டார்.

"ஏம்பா, எனக்கும் ஒரு வாட்டி போட்டுவுடுவியா? இந்தக் கத்தியாலயே?"

"உக்காருங்க, ஜல்தியா முடிச்சிட்றேன்" என்றார் ஏகாம்பரம். என்னிடம் திரும்பி, "சார், இன்னொரு பேப்பர்?"

இரண்டு பிரதிகளையும் கொடுத்தேன்.

இரண்டு தேதி

கத்தி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை சவரம் செய்துகொள்கிறேன். பத்மா பக்கத்தில் நிற்பதில்லை. ஆனால் ரேடியோவை நிறுத்திவிடுகிறாள். கல்லைத் தொடுவது எப்போதாவதுதான். பன்னிரண்டு எண்ணி, கையை இழுத்துக்கொள்ளும்போது இன்னும் உள்ளுக்குள் ஏதோ அரிக்கிறது. அரிக்கட்டும்.

போன மாதம் அமுதா ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். குணாவின் குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க வேண்டும். மேசையில் என் எதிரே உட்கார்ந்து, பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"மாமா, பொறந்த தேதி எதப் போடட்டும்?"

"பள்ளிக்கூடத்துத் தேதியப் போடு. எல்லா எடத்துலயும் அதான் இருக்குது."

"அப்ப அந்த இன்னொரு தேதி?"

யோசித்தேன். அதற்கு விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அன்னிக்கி கேக்கு வெட்டிக்கலாம்."

"பள்ளிக்கூடத்துத் தேதிக்கு?"

"அதுக்கும்தான்."

அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டு என்னிடம் தள்ளினாள், சரிபார்க்க. ஒரு எழுத்துப் பிழை இருந்தது. மடித்து, உறையில் போட்டு ஒட்டினேன்.